ரெக்கவரி ரூமில் நடுங்கியவர் எழுதிய கடிதம்

கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒன்றரைப் பக்கம், நீல மையில், ஓரிடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப்பட்டிருந்த அந்தக் கடிதம் என் மேசைக்கு வந்தபோது, அதன் மேல்மூலையில் எங்கள் வரவேற்புப் பகுதியின் முத்திரை குத்தப்பட்டிருந்தது. முத்திரையில் இருந்த தேதிக்கும் அது என் கைக்கு வந்து சேர்ந்த தேதிக்கும் இடையில் 9 நாட்கள் ஓடிவிட்டிருந்தன. ஒரே கட்டடத்துக்குள், தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு வர ஒரு கடிதத்துக்கு 9 நாட்கள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று படிப்பதற்கு முன்பே அந்த முத்திரைதான் என்னை உறுத்தியது.

குடலிறக்க அறுவை சிகிச்சை செய்துகொண்ட, அறுபதைக் கடந்த ஒரு அம்மா அதை எழுதியிருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, டாக்டருக்கு நன்றி என்று தொடங்கி, இரண்டாவது பத்தியில் விஷயத்துக்கு வந்திருந்தார். "ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்து போட்ட இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. பல் கிட்டிக்கொண்டது. போர்வை கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். அங்கிருந்த பிள்ளை, ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும் பாட்டி என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. வார்டுக்கு வந்த பிறகுதான் என் மகள் தன் சேலையை மடித்துப் போர்த்திவிட்டாள். கால் அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் மரத்துக் கிடந்தது." கடைசி வரிகள் இவை: "எனக்குப் பணம் திருப்பித் தர வேண்டாம். நான் கேட்டது யார் காதிலாவது விழுந்ததா என்று மட்டும் தெரிய வேண்டும்."

நான் 11 ஆண்டுகள் ரெக்கவரி ரூமில், அதாவது ஆபரேஷன் முடிந்தவர்களை வார்டுக்கு அனுப்பும் முன் வைத்துக் கண்காணிக்கும், தியேட்டரை ஒட்டிய அறையில், செவிலியராக இருந்தவள். கடந்த 6 ஆண்டுகளாகத் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புகார்களை விசாரிப்பதும், சிகிச்சைப் பதிவுகள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பதும் என் பொறுப்பில் வருபவை. இரண்டும் தனித்தனிக் கோப்புகளில், தனித்தனிப் படிவங்களில், தனித்தனிக் கூட்டங்களில் பேசப்படுபவை. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆவண அறைக்குப் போய்க் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்த அன்றுதான், இவை இரண்டும் ஒரே வேலை என்பது எனக்கு உறைத்தது.

ரெக்கவரி ரூம் தாளில் 15 நிமிடத்துக்கு ஒரு வரியாக ஐந்து வரிகள் எழுதப்பட்டிருந்தன: 11.10, 11.25, 11.40, 11.55, 12.10. ஐந்து வரிகளிலும் நாடித்துடிப்பு 78, இரத்த அழுத்தம் 120/80, மூச்சு 16, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சாட்சுரேஷன் 99. ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. வெப்பநிலைக் கட்டம் ஐந்து வரியிலும் காலி. அதற்கு முந்தைய பக்கத்தில் மயக்க மருந்து மருத்துவர் தியேட்டருக்குள் குறித்த கடைசி அளவு இருந்தது: 11.05க்கு இரத்த அழுத்தம் 104/62, நாடி 92. ஐந்தே நிமிடத்தில், ஒரு வாசல் தாண்டியதும், அந்த அம்மாவின் உடல் பாடப்புத்தக உடலாக மாறிவிட்டதாம். தாளின் அடியில், மயக்க மருந்துக்குப் பின் நோயாளி எவ்வளவு தேறியிருக்கிறார் என்று அளக்கும் ஆல்ட்ரெட் மதிப்பெண் பத்துக்குப் பத்து என்று போட்டு, வார்டுக்கு மாற்றலாம் என்று கையெழுத்தாகியிருந்தது.

அந்தப் பத்து சாத்தியமே இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டது முதுகு ஊசி. ஆல்ட்ரெட் முறையில் கை கால் நான்கையும் நோயாளி தானே அசைத்தால்தான் அசைவுக்கு 2 மதிப்பெண்; இரண்டை மட்டும் அசைத்தால் 1. முதுகு ஊசியால் கால் இரண்டும் மரத்துக் கிடக்கும் ஒருவருக்கு, மற்ற எல்லாம் மிகச் சரியாக இருந்தாலும், 9க்கு மேல் போட வழியில்லை. 9 இருந்தாலே அந்த முறைப்படி வார்டுக்கு அனுப்பலாம் என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். உண்மையை எழுதியிருந்தாலே போதுமாக இருந்திருக்கும். ஆனால் யாரும் போர்வையை விலக்கி, "அம்மா, காலை அசைங்க பார்ப்போம்" என்று கேட்கவில்லை. போர்வையும் இல்லை.

இதை எழுதும்போது எனக்கு ஒரு கடமை இருக்கிறது. அந்த ஐந்து வரிகளைப் பார்த்தவுடன் அவை எப்படி எழுதப்பட்டன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் என் பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் மூச்சுக் கட்டத்தில் எண்ணாமலே 16 என்று எழுதியிருக்கிறேன். இரத்த அழுத்தமும் சாட்சுரேஷனும் திரையில் தானாக வந்து நிற்கும். மூச்சை மட்டும் மனிதர்தான் எண்ண வேண்டும். நோயாளியின் மார்பு மேல் லேசாகக் கையை வைத்து, சுவரில் இருக்கும் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்தபடி, முழுதாக ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நான்கு கட்டில் இருக்கும் அறையில், தொலைபேசி அடிக்கும்போது, தியேட்டர் கதவு திறந்து அடுத்த டிராலி வரும்போது, அந்த ஒரு நிமிடம் மிக நீளமானது.

அந்த நிமிடம் எதற்கு என்பதை எனக்கு ஒரு மூத்த மயக்க மருந்து மருத்துவர்தான் புரியவைத்தார். ஆக்சிஜன் மாஸ்க் மாட்டியிருக்கும் நோயாளிக்கு, வலி மருந்தின் தாக்கத்தில் மூச்சு 8 ஆகக் குறைந்திருந்தாலும், திரையில் சாட்சுரேஷன் 98, 99 என்றே காட்டிக்கொண்டிருக்கலாம். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். திரை அதைச் சொல்லாது. சாட்சுரேஷன் சரியும்போது நாம் ஏற்கெனவே தாமதமாகியிருப்போம். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்தால் மார்பு ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. தாடையை முன்னால் தூக்கிப் பிடிக்க ஒரு கை அங்கே இருந்தாக வேண்டும். தசைகளைத் தளர்த்தக் கொடுத்த மருந்தின் வேகம் முழுதாக இறங்காமலும் இருக்கலாம். இவை எல்லாமே ஆபரேஷன் "நல்லபடியாக முடிந்த" பிறகு நடப்பவை.

ரெக்கவரி ரூம் என்ற தனி அறையே இந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான். 1947இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 11 ஆண்டுகளின் மரணங்களைத் திரும்பிப் பார்த்து, அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் 24 மணி நேரத்தில் நிகழ்ந்தவற்றில் ஏறக்குறைய பாதி தவிர்த்திருக்கக்கூடியவை என்று கண்டது. அதன் பிறகே பயிற்சி பெற்ற செவிலியர் பக்கத்திலேயே இருக்கும் தனி அறை என்ற ஏற்பாடு பரவலானது. ஆல்ட்ரெட் 1970இல் தன் மதிப்பெண் முறையை வெளியிட்டார். பிறந்த குழந்தைக்கு நாம் போடும் அப்கார் மதிப்பெண்தான் அதற்கு முன்மாதிரி. அதை உருவாக்கிய வர்ஜீனியா அப்காரும் மயக்க மருந்து நிபுணர்தான் என்பதை எங்கள் பிரசவ வார்டு மாணவிகளுக்கு நான் தவறாமல் சொல்வேன். அசைவு, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு, தோலின் நிறம் என்ற ஐந்தில், கடைசியில் இருந்த நிறத்தை எடுத்துவிட்டு 1995இல் சாட்சுரேஷனை வைத்தார்கள். நம் ஊர்த் தோல் நிறத்தில் நீலம் பாய்வதைக் கண்ணால் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

மறுபடி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். முதுகு ஊசி போட்டவர்களுக்கு இடுப்புக்குக் கீழே இரத்தக் குழாய்கள் விரிந்து, உடலின் நடுவில் இருக்கும் சூடு தோல் வழியாக வெளியேறிவிடும். தியேட்டரின் ஏசி குளிரும் சேரும்போது நடுக்கம் வருவது சகஜம். "அப்படித்தான் இருக்கும்" என்று அந்தப் பிள்ளை சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நடுக்கம் உடலின் ஆக்சிஜன் தேவையை வெகுவாகக் கூட்டிவிடும். வயதானவருக்கும் இதய நோயாளிக்கும் அது சாதாரணமாகக் கடந்துபோக வேண்டிய விஷயம் இல்லை. வெப்பநிலை பார்க்க வேண்டும், 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் போர்த்த வேண்டும், வெதுவெதுப்பான காற்று ஊதும் கருவி இருந்தால் வைக்க வேண்டும், அடங்காவிட்டால் மயக்க மருந்து மருத்துவரை அழைத்து மருந்து கொடுக்க வேண்டும். ஆகவே அந்த அம்மாவின் கடிதத்தில் இருந்தது வெறும் மனக்குறை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தாளில் காலியாக விடப்பட்ட வெப்பநிலைக் கட்டத்தை அவர் மூன்று வாரம் கழித்துத் தன் கைப்பட நிரப்பி அனுப்பியிருந்தார்.

மருத்துவமனையில் ஒரு மனிதர் தனக்கு என்ன நடக்கிறது என்று கவனிக்கவோ, தட்டிக் கேட்கவோ, பிறகு நினைவுகூரவோ மிகக் குறைந்த வலு உள்ள நேரம், ரெக்கவரி ரூமில் கிடக்கும் அந்த நேரம்தான். உறவினர் யாரும் உள்ளே இல்லை. அவர் சார்பில் பேசுவதற்கு அந்த அறையில் இருப்பது அந்த ஒரு தாள் மட்டுமே. அதில் எண்களை நகல் எடுத்தால், பின்னால் அவர் புகார் தரும்போது, "சார்ட் எல்லாம் நார்மலாகத்தானே இருக்கிறது" என்று அந்தத் தாளையே அவருக்கு எதிராகத் திருப்புகிறோம். நான் உட்கார்ந்த எத்தனையோ குறைதீர் கூட்டங்களில் இந்த வாக்கியத்தோடு விசாரணை முடிந்திருக்கிறது. நானும் தலையசைத்திருக்கிறேன்.

பதிவு, புகார் என்ற இரண்டு விஷயத்தையும் ஒரே விதித்தொகுப்புக்குள் தெளிவாக எழுதிவைத்திருப்பது என்று நான் படித்ததில் முதலில் சொல்ல வேண்டியது, அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பங்கேற்கும் மருத்துவமனைகளுக்கான விதி. மயக்க மருந்து கொடுத்த நோயாளியை, அதைக் கொடுக்கத் தகுதியுள்ள ஒருவர் 48 மணி நேரத்துக்குள் நேரில் மதிப்பிட்டுப் பதிவு செய்தாக வேண்டும். நோயாளி கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்குத் தெளிந்த பிறகே அந்த மதிப்பீட்டைச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டுக் குறிப்பு சொல்கிறது. மூச்சு, இரத்த ஓட்டம், மனத்தெளிவு, வலி, குமட்டல் ஆகியவற்றோடு வெப்பநிலையும் அதில் அடக்கம். அதே விதித்தொகுப்பு புகாரைப் பற்றியும் பேசுகிறது. அங்கேயே, அப்போதே, பக்கத்தில் இருக்கும் ஊழியரால் தீர்த்துவைக்க முடிந்தது ஒரு வகை. அப்படித் தீராததும், எழுத்தில் வந்ததும் முறையான குறைமனு. குறைமனுவுக்கு எழுத்தில் பதில் கட்டாயம். அந்தப் பதிலில் தொடர்புகொள்ள வேண்டியவர் பெயர், விசாரணைக்கு எடுத்த நடவடிக்கைகள், அதில் தெரியவந்தது, விசாரணை முடிந்த தேதி ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இறுதிப் பொறுப்பு மருத்துவமனையின் நிர்வாகக் குழுவுக்கு. அது எழுத்து மூலமாக ஒரு குறைதீர் குழுவிடம் ஒப்படைத்தால் மட்டுமே கைமாறும்.

நம் நாட்டில் விதியே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச்.-இன் தரநிலைகள், மயக்க மருந்துக்குப் பிந்தைய கண்காணிப்பைப் பதிவு செய்ய வேண்டும், வரையறுத்த அளவுகோலின்படியே ரெக்கவரியிலிருந்து மாற்ற வேண்டும், புகாருக்கு ஒரு வழிமுறை இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் முன்வைத்த நோயாளர் உரிமைச் சாசனத்தின் 17 உரிமைகளில் குறைதீர்ப்பும் ஒன்று. புகாரின் முடிவை 15 நாட்களுக்குள் எழுத்தில் பெறும் உரிமையை அது சொல்கிறது. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் ஆய்வாளர் வரும் வாரத்தில் நாங்கள் காட்டுவது என்ன? புகார்ப் பதிவேட்டில் எல்லா வரிகளுக்கும் நேராக "முடிந்தது" என்ற சொல்லையும், ரெக்கவரித் தாளில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருப்பதையும். நிரம்பிய கட்டம் உண்மையா என்று பார்க்க, அதைத் தியேட்டர்த் தாளோடும் நோயாளி சொன்னதோடும் ஒப்பிட வேண்டும். இவை மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வைக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கவில்லை.

அந்தப் பிள்ளையிடம் பேசினேன். படிப்பு முடித்து எட்டு மாதம் ஆன செவிலியர். அழுதுவிடுவாளோ என்று நினைத்தேன், அழவில்லை. "பாட்டி கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு மேடம். ரெக்கவரியில எக்ஸ்ட்ரா போர்வை கிடையாது, வார்டுல இருந்துதான் எடுத்துட்டு வரணும். அன்னைக்கு இன்னொரு சிஸ்டரைப் பேஷன்ட் கூட்டிட்டு வர அனுப்பிட்டாங்க. நாலு பெட்டுக்கும் நான் ஒருத்திதான். ரெண்டாவது பெட்டுல இருந்தவருக்கு மூச்சு சரியில்ல, நான் அவர் தாடையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள். தாளை எப்போது எழுதினாய் என்று கேட்டேன். எல்லாரையும் வார்டுக்கு அனுப்பிய பிறகு மொத்தமாக உட்கார்ந்து எழுதியதாகச் சொன்னாள். இரண்டாவது கட்டிலில் இருந்தவரின் தாளையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஐந்து வரி, அதிலும் மூச்சு 16. அந்தப் பெண் 20 நிமிடம் தாடையைப் பிடித்து ஒருவர் உயிரைக் காத்திருக்கிறாள். அதற்கான எழுத்துச் சான்று உலகத்தில் எங்கேயும் இல்லை. பொய்த்தாள் நோயாளியை மட்டும் கைவிடுவதில்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

பதில் எழுதுவதுதான் எல்லாவற்றையும்விடச் சிரமமாக இருந்தது. மக்கள் தொடர்புப் பிரிவிலிருந்து வந்த வரைவு, "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. எங்கள் சேவையை மேலும் மேம்படுத்த ஆவன செய்யப்படும்" என்று இரண்டு வரியில் முடிந்தது. நிர்வாக அலுவலர் நல்லவர். அவருக்கு இருந்த பயம் வேறு. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்ததிலிருந்து, எழுத்தில் ஒன்றை ஒப்புக்கொள்வது என்றாலே மருத்துவமனைகளுக்கு நடுக்கம். "இதைத் தூக்கிக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் என்ன செய்வீர்கள் சிஸ்டர்?" என்று கேட்டார். அங்கே போனால் இந்த ரெக்கவரித் தாளும் தியேட்டர்த் தாளும் சேர்ந்தே போகும், 104/62ஐயும் 120/80ஐயும் ஐந்து நிமிட இடைவெளியில் எந்த வக்கீலும் பார்த்துவிடுவார், அதற்கு முன்னால் நாமே பார்த்தோம் என்று சொல்வது நமக்குக் குறைவு இல்லை என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் அனுப்பிய கடிதம் ஒரு பக்கம். உங்கள் கடிதம் எங்களிடம் வந்த தேதி இது, அதைப் படிக்க நாங்கள் எடுத்துக்கொண்ட தாமதம் எங்கள் தவறு. நீங்கள் போர்வை கேட்டதை அன்று பணியில் இருந்த செவிலியர் நினைவில் வைத்திருக்கிறார். நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. உங்கள் உடல் வெப்பநிலை அன்று பார்க்கப்படவில்லை, பார்த்திருக்க வேண்டும். உங்கள் கண்காணிப்புத் தாளில் எழுதப்பட்டிருக்கும் அளவுகள் அந்தந்த நேரத்தில் எடுக்கப்பட்டவை இல்லை என்று தெரியவந்தது. இந்த மாற்றங்களைச் செய்திருக்கிறோம், இன்னின்ன தேதியில் விசாரணை முடிந்தது, மேலும் கேட்க வேண்டுமானால் என்னை இந்த எண்ணில் அழைக்கலாம். அவ்வளவுதான். "மேலான" என்ற சொல் அதில் எங்கேயும் வரவில்லை.

நான்காம் நாள் அந்த அம்மா அழைத்தார். கடிதத்தை மகளை விட்டு இரண்டு முறை படிக்கச் சொன்னதாகச் சொன்னார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளையை வேலையை விட்டு எடுத்துட்டீங்களாம்மா? அதுக்காக நான் எழுதல" என்றார். எடுக்கவில்லை, இனிமேல் அவள் தனியாக நான்கு கட்டிலைப் பார்க்க வேண்டியதில்லை என்றேன். "அதைச் செய்யுங்க முதல்ல" என்று சொல்லிவிட்டு, வீக்கம் குறையத் தனக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்தலாமா என்று மகளுக்குத் தெரிய வேண்டுமாம் என்று தன் சொந்த விஷயத்துக்கு வந்துவிட்டார். அந்தக் கேள்வியை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கேட்டு அன்று மாலையே திரும்ப அழைத்துச் சொன்னேன்.

இப்போது ரெக்கவரியில் ஒரு செவிலியருக்கு இரண்டு கட்டில்தான். இரண்டாமவர் வெளியே போக வேண்டுமென்றால் தியேட்டரிலிருந்து ஒருவர் வந்து நின்ற பிறகே போகலாம். முதல் மாதம் இதற்காகத் தியேட்டர் ஊழியர்களோடு தினமும் சண்டை. அறைக்குள்ளேயே ஒரு அலமாரியில் கம்பளி வைத்திருக்கிறோம். கட்டிலுக்கு ஒரு தெர்மாமீட்டர். வரவேற்பில் முத்திரை குத்தும் கடிதம் அன்று மாலை 5 மணிக்குள் என் மேசைக்கு வந்துவிட வேண்டும். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். போன மாதம்கூட ஒரு கடிதம் நான்கு நாள் கீழேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரத்து ரெக்கவரித் தாள்களில் பத்தை எடுத்து, தியேட்டர்த் தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சென்ற வாரம் கையில் வந்த ஒரு தாளில் மூச்சுக் கட்டத்தில் 14, 17, 13, 15 என்று இருந்தது. மூன்றாவது எண்ணில் முதலில் 16 என்று எழுதி, ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே 13 என்று திருத்தி, பக்கத்தில் நேரமும் முதலெழுத்தும் போட்டிருந்தது. வெப்பநிலை 35.8, கம்பளி போர்த்தப்பட்டது, 15 நிமிடம் கழித்து 36.1. முதலெழுத்து அந்தப் பிள்ளையுடையது.